மூன்று நாள் கடற்கரை: துரூவிலா, சென்-மாலோவா, லா போலா?

வெள்ளி மாலை வேலை முடிந்து புறப்பட வேண்டும், ஞாயிறு இரவு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட வேண்டும். பாரிஸ் பகுதியில் வாழும் குடும்பத்துக்குக் கடற்கரை விடுமுறை என்று பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டு இரவுதான். இதற்குள் நீஸ் அடங்காது; டிஜிவி என்ற அதிவேக ரயிலில் போகவே ஆறு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். எஞ்சுவது வடக்கும் மேற்கும். அங்கே குடும்பங்கள் அதிகம் யோசிக்கும் மூன்று ஊர்களை எடுத்துக்கொள்வோம். நோர்மண்டியில் துரூவிலும் அதன் ஒட்டு ஊரான தோவிலும், பிரெத்தாஞ்சில் சென்-மாலோ, லுவார் ஆறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று வடமேற்கே லா போல்.

வடக்கில் இன்னொரு கடற்கரை ஊரான லெ த்ரெபோரை ஏன் விட்டோம் என்று கேட்பீர்கள். ஊர் அழகு, நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த வெள்ளைப் பாறைச் சுவர் அழகு, அதன் உச்சிக்கு இழுவை ரயில் இலவசம். ஆனால் கரை முழுக்கக் கூழாங்கல். மணல் தோண்ட வாளியோடு வரும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது கடற்கரையே அல்ல. இன்னும் வடக்கே பெர்க் என்ற ஊரில் மணலுக்குக் குறைவில்லை, ஆற்று முகத்துவாரத்தில் நீர்நாய்போலத் தலை தூக்கும் கடல்நாய்களும் உண்டு. ஆனால் ரயில் நிலையம் பக்கத்து ஊரில், அங்கிருந்து பஸ். காரில் போகிறவர்களுக்கு மட்டும் அது சரிவரும்.

பலரும் விலையையும் படத்தையும் பார்த்து ஊரை முடிவுசெய்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது? அந்தச் சனி ஞாயிறில் கடல் எத்தனை மணிக்கு வற்றும்?

முதலில் சுவரில் தொங்கும் கலண்டர்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடல் பார்த்து வளர்ந்தவருக்கு கடலின் வற்றும் பெருக்கும், அதாவது ஓதம், பெரிய விஷயமல்ல. சென்னையில் நீர்மட்டம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர். பாக்கு நீரிணைப் பக்கம் அதிலும் குறைவு. சென்-மாலோவில் பெரிய ஓத நாட்களில் அது 12, 13 மீட்டர், அதாவது நான்கு மாடி உயரம். காலையில் அலை மோதிய சுவருக்குக் கீழே மதியம் பார்த்தால் வெறும் மணல்; தண்ணீர் எங்கோ ஒரு கோடாகத் தெரியும். ஊரில் கடலுக்குப் போன பழக்கத்தை நம்பி இங்கே இறங்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஓதத்தின் பலத்தை பிரான்ஸில் 20 முதல் 120 வரை ஓர் எண்ணால் சொல்வார்கள். 45 என்றால் வழக்கமான சிறிய ஓதம், 95 என்றால் வழக்கமான பெரிய ஓதம். ஷோம் என்ற அரசு நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் நேரமும் எண்ணும் கிடைக்கும். ஆனால் எந்த வார இறுதி என்று தீர்மானிக்கும் கட்டத்தில் அதுகூடத் தேவையில்லை, வீட்டுத் தினக்கலண்டரே போதும். அமாவாசையும் பௌர்ணமியும் கழிந்து ஒன்றரை நாள் போலப் பெரிய ஓதம் வரும். அட்டமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் சிறிய ஓதம் வரும். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கிழமை என்பதால், இந்தச் சனி பெரியதென்றால் அடுத்த சனி சிறியது.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஒரு துறைமுகத்தில் பெரிய ஓதம் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே மணிக்குத்தான் வரும். சென்-மாலோவில் கோடை நேரப்படி பெரிய ஓத நாட்களில் காலை 8, 9 மணிக்கும் இரவு அதே போலவும் கடல் நிறையும். பிற்பகல் 3 மணி போல முழுக்க வற்றியிருக்கும். லா போலில் அது சுமார் இரண்டு இரண்டரை மணி நேரம் முந்தும். அதனால் மதியம் வற்றும். துரூவிலில் நேர்மாறு. பெரிய ஓத நாளில் அங்கே மதியம் 12, 1 மணிக்கு நிறைந்திருக்கும், காலையிலும் மாலையிலும் வற்றும். சிறிய ஓத நாட்களில் இந்தக் கணக்கு மூன்று ஊரிலும் ஆறு மணி நேரம் தள்ளிப் புரளும்.

ஆக, பௌர்ணமியை ஒட்டிய வார இறுதியில் மதியம் குளிக்க வேண்டுமென்றால் துரூவில். அட்டமியை ஒட்டி என்றால் லா போல் அல்லது சென்-மாலோ. பணம் கட்டிய பிறகு இதைப் பார்ப்பவர்கள்தான் சனிக்கிழமை மதியம் தள்ளுவண்டியையும் குளிர்பெட்டியையும் ஈர மணலில் நானூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போவார்கள். தண்ணீரை எட்டும்போது பிள்ளைக்கு மூத்திரம் வரும். கழிப்பறை, வந்த வழியே திரும்பி நானூறு மீட்டர்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பதையும் கணக்காகவே தெரிந்துகொள்ளலாம். ஏறும் ஆறு மணி நேரத்தில் மொத்த உயரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு முதல் மணியில் ஏறும். பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. மொத்தம் 12 மீட்டர் என்றால் மூன்றாவது, நான்காவது மணிகளில் மூன்று மூன்று மீட்டர், நிமிடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர். முதல் மணியில் ஒன்றும் நடக்காததுபோல இருப்பதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

துரூவில்–தோவில்: கிட்ட, எளிது, ஞாயிறு மட்டும் தலைவலி

பாரிஸின் சென்-லசார் நிலையத்தில் நேரடி ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம் சொச்சம். இறங்கும் நிலையம் இரண்டு ஊருக்கும் பொது. தூக் ஆற்றின் தோவில் கரையில் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் துரூவில். கார் இல்லாத குடும்பத்துக்கு இதைவிடச் சுலபமான கடற்கரை பாரிஸுக்கு அருகில் குறைவு. நோர்மண்டி மாநிலத்தின் நோமாட் ரயில்கள் ஓடும் தடம் இது. இருக்கையோடு பதிவுசெய்ய வேண்டும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் முதலில் நிறைந்துவிடும்.

இரண்டில் எந்த ஊரில் தங்குவது? தோவிலில் சூதாட்ட மாளிகை, குதிரைப் பந்தயம், 1923இல் போட்ட 643 மீட்டர் நீளப் பலகை நடைபாதை, நடிகர்கள் பெயர் எழுதிய உடைமாற்றும் அறைகள். பார்க்க அரை நாள் போதும். செப்டெம்பர் தொடக்கத்தில் அமெரிக்கத் திரைப்பட விழா வரும்போது அறை வாடகை ஏறும். அந்த நாட்களைத் தவிருங்கள். தங்க துரூவில்தான் குடும்பத்துக்கு ஏற்றது. ஒரே எச்சரிக்கை, கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஊர் செங்குத்தாக ஏறும். ‘கடற்கரைக்கு 300 மீட்டர்’ என்று விளம்பரத்தில் இருப்பது படிக்கட்டுகளாகவும் இருக்கலாம். தள்ளுவண்டி இருந்தால், அம்மம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால், வரைபடத்தில் தெருவின் ஏற்றத்தைப் பார்த்துவிட்டுப் பதிவுசெய்யுங்கள்.

சேன் ஆற்றின் முகத்துவாரம் பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் கலங்கல்தான். நீலக் கடல் படத்தை எதிர்பார்க்க வேண்டாம். கரை தட்டையானது, மெல்லச் சரியும், சிறு பிள்ளைக்கு நல்லது. ஆபத்தும் அந்தத் தட்டையில்தான் இருக்கிறது. வற்றும்போது மணல் மேடுகளுக்கு இடையே முழங்கால் ஆழக் குட்டைகள் தங்கும், பிள்ளைகள் அதில் விளையாடும். கடல் திரும்பும்போது தண்ணீர் முன்னால் வராது. பக்கவாட்டில் புகுந்து முதலில் பின்னால் உள்ள பள்ளத்தைத்தான் நிரப்பும். மேட்டில் நிற்கும் பிள்ளைக்குத் தன்னைச் சுற்றித் தண்ணீர் வந்தது தெரியாது. வற்றின நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கழிந்ததும் எல்லாரையும் கரைப் பக்கம் கூப்பிட்டுவிடுங்கள்.

துரூவிலின் மீன் சந்தை ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. இந்த ஊரின் அடையாள மீன் கும்பளா, தமிழ்நாட்டார் சொல்லும் கானாங்கெளுத்தி. குழம்புக்கு வாங்குவதானால் ஞாயிறு புறப்படும் முன் வாங்கி, ஐஸ் போடச் சொல்லிக் குளிர்பையில் கொண்டு வாருங்கள். ரயிலில் இரண்டு மணி நேரம் தாங்கும். அக்டோபர் 1 முதல் மே 15 வரை சென்-ஜாக் சிப்பியும் கிடைக்கும்.

காரில் போனால் ஏ13 நெடுஞ்சாலை, சுமார் 200 கிலோமீட்டர். 2024இலிருந்து அதில் சுங்க வாயில் தடுப்புகள் இல்லை. கமெரா வாகன எண்ணைப் படிக்கும். சுங்கம் கட்டும் மின்கருவி காரில் இல்லாதவர்கள் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். வீட்டுக்கு பில் வரும் என்று காத்திருந்தால் வருவது அபராதம். வாடகைக் காரானால் வாடகை நிறுவனமும் தன் கட்டணத்தைச் சேர்க்கும். ஞாயிறு மாலை பாரிஸ் திரும்பும் ஏ13 நெரிசல் பெயர் பெற்றது. பிற்பகல் 3 மணிக்கு முன் கிளம்புங்கள். இல்லையேல் இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சென்-மாலோ: ஏழு வயதுக்கு மேலே என்றால் இதுதான்

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து நேரடி டிஜிவியில் இரண்டேகால் மணி நேரம் போல. 2017இல் ரென் நகர் வரை அதிவேகத் தடம் திறந்த பிறகுதான் இந்த ஊர் வார இறுதிக்குள் வந்தது. நேரடி வண்டிகள் குறைவு. அவை நிறைந்துவிட்டால் ரென் வரை டிஜிவி, அங்கிருந்து மாநில ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மாநில ரயிலுக்கு இருக்கைப் பதிவு வேண்டியதில்லை. காரில் 400 கிலோமீட்டர். வெள்ளி மாலைப் பயணத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம்.

மதில் சூழ்ந்த பழைய ஊர் 1944இல் பெரும்பாலும் அழிந்து, கல் கல்லாகத் திரும்பக் கட்டப்பட்டது. மதில் மேல் ஒரு சுற்று நடக்கக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே ஏற படிக்கட்டு, உள்ளே தெருவெல்லாம் கற்பாவல். தள்ளுவண்டியை மடித்துத் தூக்கிக்கொண்டே திரிய வேண்டி வரும்; சிறு பிள்ளைக்கு முதுகுப் பட்டை கொண்டு போங்கள்.

மதில்களின் காலடியில் பொன்-செக்கூர் கடற்கரை. அதில் சுவர் கட்டிய கடல்நீர்க் குளம் ஒன்று உண்டு. கடல் பெருகும்போது குளம் மூழ்கும், வற்றும்போது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரிய ஓத நாளின் பிற்பகல் மூன்று மணிக்கு, கடல் வெகு தூரம் போயிருக்கும்போது, நிறைந்து கிடக்கும் தண்ணீர் இது ஒன்றுதான். குதிமேடையும் உண்டு. நீந்தத் தெரிந்த பத்து வயதுப் பிள்ளையை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம். ஆழமான பகுதி இருப்பதால் நீந்தத் தெரியாத பிள்ளையைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

எதிரே கிராண் பே தீவு. எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை அங்கே இருக்கிறது. வற்றும்போது மட்டும் தெரியும் கல்பாதையில் நடந்து போகலாம். வற்றின நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே போய், ஒரு மணி நேரம் கழிவதற்குள் திரும்பிவிடுவது பாதுகாப்பு. பாதையில் தண்ணீர் ஏறிவிட்டதென்றால் கணுக்கால் அளவுதானே என்று இறங்கக் கூடாது. தீவிலேயே இருக்க வேண்டும், சுமார் ஆறு மணி நேரம். அதற்காகவே பையில் தண்ணீரும் பிஸ்கட்டும் ஒரு மேற்சட்டையும் இருக்கட்டும். கடலில் ஆபத்தென்றால் அழைக்கும் எண் 196.

சில்லோன் கடற்கரை மூன்று கிலோமீட்டர் நீளம். அலையை உடைக்க நட்ட கருவாலி மரத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும். படத்துக்கு நன்றாக இருக்கும். பெரிய ஓத நாளில் காலையும் இரவும் அங்கே மணலே இராது. அலை மதிலில் அடித்து நடைபாதைக்கு எழும்பும். மாலை ஏழு மணிக்குத் துண்டை விரித்து உட்காரத் திட்டமிடுபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

தண்ணீர் குளிர்; ஓகஸ்டிலும் 17, 18 பாகைதான். அரைக்கை நனைவுடை (வெட்சூட்) போட்டால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் தாங்கும், இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் உதடு நீலமாகும். மழை பெய்தால் நகரின் தென்புறம் பெரிய மீன்காட்சியகம் இருக்கிறது.

சைவச் சாப்பாடு தேடும் குடும்பத்துக்கு மூன்றில் இங்கேதான் நிம்மதி. கலெத் என்ற பக்வீட் தோசை எல்லாக் கடையிலும் உண்டு. ‘கொம்ப்ளெத்’ என்று கேட்டால் பன்றி இறைச்சி, முட்டை, சீஸ் மூன்றும் வரும். அதனால் உள்ளே என்ன வேண்டுமென்று ஒவ்வொன்றாகச் சொல்லி வாங்குங்கள். எந்த ஊரானாலும் பிள்ளைகளுக்கான தட்டில் வரும் ‘ஸ்தேக் அஷே’ மாட்டிறைச்சி என்பதையும் நினைவில் வையுங்கள்.

லா போல்: சுவாரசியம் குறைவு, சின்னப் பிள்ளைக்குச் சொர்க்கம்

இங்கே மதில் இல்லை, தீவு இல்லை. பல இடங்களில் கடலைப் பார்த்து அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் வளைந்த விரிகுடாவுக்குள் எட்டொன்பது கிலோமீட்டர் மெல்லிய மணல், பெரிய அலை குறைவு, ஓகஸ்டில் தண்ணீர் 19, 20 பாகை. கடற்கரைச் சாலை தட்டை. தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் தடையில்லாமல் போகும். இரண்டு வயதுக் குழந்தை கணுக்கால் நனைய உட்கார்ந்து தண்ணீர் தட்டுவதற்கு இதைவிட நல்ல கரை இந்தப் பட்டியலில் இல்லை.

விலை கொடுப்பது நேரத்தில். நேரடி டிஜிவியில் மூன்று மணி நேரம் போல; நான்த் நகரில் மாறினால் இன்னும் கொஞ்சம். ஆகவே இரண்டு இரவுக்கு இது நீட்சி, மூன்று இரவென்றால் சரி. அதே தடத்தில் கடைசி நிலையமான லெ குருவாசிக்கில் மீன்காட்சியகம் உண்டு, மழை நாளுக்கு உதவும். சைக்கிள் எடுத்தால் கெராந்து உப்பளங்கள். தூத்துக்குடிக்காரருக்கும் ஆனையிறவுக்காரருக்கும் பாத்தி புதிதல்ல, ஆனால் மேல் மிதக்கும் உப்புப் பூவை மட்டும் தனியே வழித்தெடுக்கும் வேலையைப் பார்க்கலாம்.

அறை எடுக்கும்போது

ஜூலை, ஓகஸ்டில் வீடுகள் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் வாடகைக்கு விடப்படும். இரண்டு இரவுக்கு அப்போது ஹோட்டல்தான், அல்லது சுற்றுலாக் குடியிருப்புகளில் கடைசி நேர வெற்றிடம். குறுகிய விடுமுறைக்கு ஜூன் மாதமும் செப்டெம்பர் முதல் பாதியும் பொருத்தம். செப்டெம்பரில் கடல் ஜூனைவிடச் சூடு. ஆனால் கடற்காவலர் பல கரைகளில் ஜூலை, ஓகஸ்டில்தான் முழுநேரம் இருப்பார்கள். சிவப்பு–மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் காவல் உண்டு. சிவப்புக் கொடியென்றால் இறங்கக் கூடாது. ஊதாக் கொடி தண்ணீர் மாசைக் குறிக்கலாம்.

வசந்தகால விடுமுறையில் ஒரு தந்திரம் உண்டு. பள்ளி விடுமுறைக்கான வலயக் கணக்கில் பாரிஸ் பகுதி ஸோன் C. நோர்மண்டி, ரென், நான்த் எல்லாம் ஸோன் B. B பகுதிப் பள்ளிகள் திறந்துவிட்ட கிழமையாகப் பார்த்துப் போனால் அறையும் கிடைக்கும், கூட்டமும் குறையும்.

ஹோட்டல் அறையில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை கண்டிப்பானது. நான்கு பேர் அறைக்கு ஐந்தாவது ஆளாக ஒரு பிள்ளையைச் சொல்லாமல் கூட்டிப் போனால் வரவேற்பில் நிறுத்தி இன்னோர் அறை எடுக்கச் சொல்லலாம். ‘ஸ்தூதியோ காபின்’ என்று விளம்பரத்தில் கண்டால், அந்தக் ‘காபின்’ பெரும்பாலும் நடைவழியில் பொருத்திய இரட்டை அடுக்குக் கட்டில். ஜன்னல் இராது, சிலவற்றில் கதவும் இராது. மேல் அடுக்கு ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது. படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா, கடைசித் துப்புரவுக்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். சேர்க்கையில்லையென்றால் மலிவாகத் தெரிந்த வீடு ஹோட்டலுக்குச் சமமாகிவிடும். சுற்றுலா வரி பெரியவர்களுக்கு மட்டும், இரவுக் கணக்கில்; 18 வயதுக்குக் கீழே இல்லை.

சோறு சமைக்கும் எண்ணமிருந்தால் சிறு ரைஸ் குக்கரை எடுத்துப் போங்கள். வாடகை வீட்டுச் சமையலறையில் இரண்டு மின் தட்டும் சின்னச் சட்டிகளும்தான் இருக்கும். மீன் பொரிக்க வேண்டாம். புகை உறிஞ்சி பேருக்குத்தான் இருக்கும். மணம் திரையில் ஏறினால் முன்பணத்தில் கை வைப்பார்கள்.

ரயிலுக்கு, 49 ஈரோ அவாந்தாஜ் கழிவு அட்டை ஒன்று வீட்டில் ஒருவரிடம் இருந்தால், வார இறுதிப் பயணத்தில் கூட வரும் 4 முதல் 11 வயது வரையான மூன்று பிள்ளைகள் வரை 60 வீதம் கழிவு. டிஜிவியில் நான்கு பேர் போனால் முதல் பயணத்திலேயே அதன் விலை திரும்பலாம். நான்கு வயதுக்குக் கீழே மடியில் வைத்தால் இலவசம். வேலையிடத்தில் விடுமுறைக் காசோலை தருகிறார்களா என்றும் பாருங்கள். ரயிலுக்கும் தங்குமிடத்துக்கும் செல்லும்.

கடைசிப் பிள்ளைக்கு நான்கு வயது ஆகவில்லை, மூன்று இரவு கிடைக்கிறது என்றால் லா போல். கிடைப்பது இரண்டு இரவு, கார் இல்லை, அம்மம்மாவும் வருகிறார் என்றால் பாலத்தருகே தட்டையான தெருவில் துரூவில். எல்லாப் பிள்ளைகளும் ஏழு வயதைத் தாண்டிவிட்டார்கள் என்றால் சென்-மாலோ. பெரிய ஓத வார இறுதியானால் நடக்க, சிறியதானால் குளிக்க.

எதுவானாலும் ஞாயிறு காலைக்கு ஒரு திட்டம் வேண்டும். வாடகை வீட்டை 10 மணிக்கு ஒப்படைக்க வேண்டியிருக்கும், ரயில் மாலை ஆறுக்கு இருக்கும். பெட்டிகளை வைத்துவிட்டுப் போக இடமுண்டா என்று வெள்ளிக்கிழமை சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பிள்ளைகளின் மாற்றுடையையும் காய்ந்த துண்டு ஒன்றையும் பெட்டிக்குள் வைக்காமல் தோள்பையில் வையுங்கள். பத்து மணிக்குப் பிறகும் அவர்கள் தண்ணீரில் இறங்கத்தான் போகிறார்கள்.